தலைவர் பெயரில் விழுந்த கோடு

இறுப்பிட்டி மேற்கு முன்னேற்றச் சங்கத்தின் வலைத்தளத்தில் தலைவர் சரவணமுத்துவின் பெயர் நடுவால் வெட்டப்பட்டிருந்தது.

கோபிசங்கர் அதைக் காலை ஏழு மணிக்கு, கிணற்றடியில் பல் தீட்டிக்கொண்டு நின்றபோது போனில் பார்த்தான். சனிக்கிழமை ஊர் கூடித் துப்புரவு செய்யும் சிரமதானம் பற்றிய சாதாரண அறிவித்தல். நாள் சரி, நேரம் சரி, கொண்டுவர வேண்டிய மண்வெட்டி சரி. கடைசி வரியில் ‘தலைமை: சரவணமுத்து’ என்று இருந்த இடத்தில் மட்டும், பெயருக்குக் குறுக்கே நேர்கோடு ஒன்று ஓடியிருந்தது.

வாயைக் கொப்பளிக்காமலே உள்ளே ஓடி, மடிக்கணினியைத் திறந்து, ஐந்து நிமிடத்தில் கோட்டை எடுத்துவிட்டான். ஆனால் ரொறன்ரோவில் அப்போது முதல்நாள் இரவு, எல்லோரும் விழித்திருக்கும் நேரம். சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவில் அந்தப் பக்கத்தின் படம் ஏற்கெனவே வந்துவிட்டிருந்தது. கீழே கனடாக் கிளைச் செயலாளர் தம்பிராசா ஒரு கேள்விக்குறி மட்டும் போட்டிருந்தார்.

வேறு யாருடைய பெயராக இருந்தாலும் கோபிசங்கர் ஒரு மன்னிப்போடு முடித்திருப்பான். சரவணமுத்துவின் ஒரே மகள் நிலாந்தினியை அவனுக்குப் பேசியிருந்தார்கள். சாதகம் பொருந்தியாகிவிட்டது. ஆவணியில் நாள் வைக்கலாம் என்று சரவணமுத்துவே சொல்லியிருந்தார். எந்த நாள் என்று மட்டும் இன்னும் சொல்லவில்லை.

கோபிசங்கர் கொழும்பில் உள்ள ஒரு மென்பொருள் நிறுவனத்துக்கு வீட்டிலிருந்தே வேலை செய்பவன். சங்கத்தின் வலைத்தளத்தை இலவசமாகச் செய்து கொடுத்தவனும் அவன்தான். செயலாளர் சறோஜினிதேவிக்குக் கணினி பழக்கமில்லை என்பதால், மார்க்டவுன் என்ற இலகுவான முறையை அதில் வைத்தான். சாதாரணமாகத் தட்டச்சுச் செய்து, இடையிடையே சில குறிகளை இட்டால் போதும். நட்சத்திரக் குறிகளுக்கு நடுவில் எழுதினால் தடித்த எழுத்து வரும். சிறுகோடு இட்டால் பட்டியல் வரும். குறிகளைப் பக்கத்தின் உறுப்புகளாக மாற்றுகிற வேலையை அவன் எழுதிய நிரல் பார்த்துக்கொள்ளும்.

அவன் முதலில் சறோஜினிதேவிக்குப் போன் எடுத்தான்.

“அக்கா, சிரமதான அறிவித்தலில தலைவற்ர பேருக்கு ரெண்டு பக்கமும் அலைக்கோடு போட்டனீங்களோ?”

“ஓம் தம்பி. ரெண்டு ரெண்டாப் போட்டனான். அவர் எழுதித் தந்த கடதாசியில அப்பிடித்தான் இருந்தது.”

“அப்பிடிப் போட்டா வெட்டுக்கோடு விழும் அக்கா.”

“அது எனக்குத் தெரியாது. நான் அரசாங்கக் கச்சேரியில முப்பது வருசம் ரைப் அடிச்சனான். பெரியவர் பிழையா எழுதித் தந்தாலும் பிழையாத்தான் அடிச்சுக் குடுத்தனான். ஒரு புள்ளி கூட்டினதுமில்லை, குறைச்சதுமில்லை.”

கோபிசங்கர் மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு சரவணமுத்து வீட்டுக்குப் போனான்.

சரவணமுத்துவுக்கு எழுபது வயது. முன்பு கேகாலையில் கடை வைத்திருந்தவர். சங்கத்துக்குப் பதினான்கு வருடமாகத் தலைவர். விறாந்தையில் கதிரையைப் போட்டு, பத்திரிகையை மடியில் வைத்தபடி இருந்தார்.

“இரும்,” என்றார். குரலில் குளிர் இருந்தது. “என்னை வெட்டிப் போட்டீராம்.”

“ஐயா, அது என்ர நிரலில வந்த பிழை. நீங்கள் பேருக்கு ரெண்டு பக்கமும் போட்ட அலைக்கோடு…”

“அது வடிவுக்குப் போட்டது. நாங்கள் கலியாணக் கடிதம் எழுதேக்கையும் அப்பிடித்தான் போடுறது.”

“விளங்குது ஐயா. இனி அலைக்கோடு ஒண்டும் செய்யாது. அதை நிப்பாட்டிப்போட்டன்.”

நாகபூசணி, சரவணமுத்துவின் மனைவி, தேத்தண்ணியைக் கொண்டுவந்து வைத்துவிட்டு உள்ளே போனார்.

“வேற என்ன குறியள் இருக்கு?” என்று சரவணமுத்து கேட்டார். “தெரிஞ்சிருந்தாத்தானே தவிர்க்கலாம்.”

நியாயமான கேள்வி என்று கோபிசங்கருக்குப் பட்டது. நட்சத்திரம், சிறுகோடு எல்லாவற்றையும் விளக்கினான். ஆபத்தானது ஒன்றே ஒன்றுதான் என்றான். வரி தொடங்கும்போது அம்புத்தலை மாதிரி ஒரு குறி இட்டால், அந்த வரி மரண அறிவித்தல் பெட்டிக்குள் போய்விடும். வலைத்தளம் தொடங்கிய முதல் வாரமே சங்கம் கேட்ட பெட்டி அது. கறுப்புக் கரை, இரண்டு மூலையிலும் குத்துவிளக்கு, மேலே ‘கண்ணீர் அஞ்சலி’ என்ற தலைப்பு, எல்லாம் தானாகவே வரும்.

“ஆனா அதை ஒருத்தரும் தெரியாமப் போடமாட்டினம் ஐயா.”

“எந்தப் பக்கம் பாத்த அம்பு?”

“வலப்பக்கம் ஐயா.”

சரவணமுத்து தலையை ஆட்டினார். “சரி. நாள் பாக்கிற விசயத்தை ஒரு கிழமை தள்ளி வைப்பம். பேர் வெட்டுப்பட்ட கையோட நல்ல காரியம் கதைக்கிறது சரியில்லை.”

அடுத்த வாரம் வாசிகசாலை ஆண்டு விழாவுக்கான அழைப்பு வந்தது. தலைவர் எழுதி, செயலாளர் தட்டச்சுச் செய்து, வலைத்தளத்தில் ஏற்றியது. கோபிசங்கர் அன்று வேலணையில் வங்கி வரிசையில் நின்றான். போன் மூன்று முறை அதிர்ந்தது. மூன்றும் வெளிநாட்டு இலக்கங்கள்.

பக்கத்தைத் திறந்தான். கறுப்புக் கரை. குத்துவிளக்கு இரண்டு. ‘கண்ணீர் அஞ்சலி. வாசிகசாலை ஆண்டு விழாவுக்கு அனைவரும் குடும்பத்தோடு வந்து சிறப்பிக்கவும். சரவணமுத்து, தலைவர்.’

ரொறன்ரோவிலிருந்து தம்பிராசா சரவணமுத்து வீட்டுக்கே போன் எடுத்துவிட்டார் என்பது பிறகு தெரியவந்தது.

“ஐயோ, எப்ப நடந்தது?” என்று தம்பிராசா அழுதிருக்கிறார்.

“எது?”

“அண்ணையின்ர விசயந்தான். எப்ப எடுக்கிறியள்? ஆர் கதைக்கிறது?”

“சரவணமுத்து கதைக்கிறன்.”

மறுமுனையில் போன் விழுந்த சத்தம் கேட்டதாம்.

கோபிசங்கர் வங்கி வரிசையை விட்டு ஓடிவந்தான். சரவணமுத்து அதே கதிரையில் இருந்தார். முகத்தைக் கைலேஞ்சியால் மூடியிருந்தார். தோள் இரண்டும் குலுங்கின. அழுகிறார் என்றே கோபிசங்கர் நினைத்தான்.

“ஐயா, அழாதேங்கோ. வரிக்கு முன்னால அம்புக்குறி…”

“அழைப்புத்தானே,” என்றார் கைலேஞ்சிக்குள்ளால். “இஞ்ச பாருங்கோ எண்டு ஒரு அம்பு போட்டன். வயசு போன மனுசனுக்கு எல்லாம் ஞாபகமிருக்குமோ? அதுக்கு என்னைச் சுடலைக்கு அனுப்பிறதோ?”

“என்ர பிழைதான். அம்பையும் பெட்டியையும் இண்டைக்கே பிரிச்சுப் போடுறன். இனி மரண அறிவித்தல் வேணுமெண்டா, ஒரு கோண அடைப்புக்குள்ள ‘மரணம்’ எண்டு எழுதினாத்தான் வரும்.”

“கோண அடைப்புக்குள்ள வேற ஏதும் எழுதினா?”

கோபிசங்கர் இந்தக் கேள்விக்குச் சந்தோசப்பட்டான். அவனுடைய தொழிலில் மிக முக்கியமான கேள்வி அது. வெளியாள் எவராவது கோண அடைப்புக்குள் களவாக ஒரு கட்டளையை எழுதி ஏற்றினால், பக்கத்தைத் திறப்பவர்களின் போனுக்குள்ளே அது புகுந்துவிடலாம். அதனால் புதுச் சட்டம் கடுமையாக இருக்கும் என்றான்.

“எங்களுக்குத் தெரியாத சொல் கோண அடைப்புக்குள்ள இருந்தா, அது பக்கத்துக்கு வராமலே அழிஞ்சு போயிடும் ஐயா. அடையாளமே இருக்காது.”

“அடையாளமே இருக்காதோ?”

“இருக்காது. கள்ளர் வரேலாது.”

சரவணமுத்து கைலேஞ்சியை மடித்து வைத்தார். நாள் பார்க்கிறது இன்னொரு கிழமை தள்ளிப் போனது.

அன்று பின்னேரம் நிலாந்தினி போன் எடுத்தாள். அவள் வேலணையில் கணித ஆசிரியை. எதையும் சுருக்கமாகவே பேசுவாள்.

“நீங்கள் இனி ஒண்டையும் திருத்தாமல் இருந்தா என்ன?”

“அப்பிடி விட ஏலாது நிலா. ஆபத்து.”

“ஆருக்கு?”

அவன் பதில் யோசிப்பதற்குள் அவளே தொடர்ந்தாள். “அப்பாவை எனக்கு விளங்கேல்லை. எங்களோட கதைக்கேக்க முகத்தை நீட்டிக்கொண்டிருக்கிறார். குளிக்கப் போனா பாட்டுப் பாடுறார்.”

“கவலையில சில பேர் பாடுவினம்,” என்றான் கோபிசங்கர்.

மூன்றாவது அறிவித்தல் குடிதண்ணீர் கொண்டுவரும் பவுசர் வண்டி பற்றியது. எந்த ஒழுங்கைக்கு எத்தனை மணிக்கு வரும் என்ற விபரம் எல்லாம் சரியாக இருந்தது. சனங்கள் வாளியோடு நின்றார்கள், தண்ணீரும் வந்தது. ஆனால் அறிவித்தலின் அடியில் ‘இப்படிக்கு, தலைவர்’ என்று மட்டும் இருந்தது. பெயர் இல்லை. மேலே நிர்வாகசபைப் பட்டியலிலும் செயலாளர் பெயர் இருந்தது, பொருளாளர் பெயர் இருந்தது, தலைவர் என்ற சொல்லுக்குப் பக்கத்தில் வெறும் வெள்ளை.

பாரிஸ் கிளையிலிருந்து ஒருவர் குழுவில் எழுதினார்: ‘தலைவரைத் தூக்கியாச்சோ? எங்களுக்கு ஏன் சொல்லேல்லை?’

அதற்கு லண்டன் கிளை: ‘பாரிஸுக்குச் சொல்லிப்போட்டு எங்களுக்குச் சொல்லாமல் விட்டது ஏன்?’

கோபிசங்கர் சறோஜினிதேவி வீட்டுக்கே போய்க் கடதாசியை வாங்கிப் பார்த்தான். நீல மையில், குண்டு குண்டான எழுத்தில், சரவணமுத்து என்ற பெயர் கோண அடைப்புக்குள் இருந்தது. இரண்டு இடத்திலும்.

“அக்கா, இதைப் போடமுதல் எனக்கொருக்காக் காட்டியிருக்கலாமே.”

“ஏன் காட்டுவான்? தலைவர் எழுதினதில நான் கைவைக்கமாட்டன். நீரும் கைவைக்காதையும்.”

“அக்கா, அவற்ர பேரே இல்லாமப் போச்சு.”

“அது உம்மட மிசின் செய்தது. நான் அடிச்சது இஞ்ச இருக்கு,” என்று தன் பிரதியை எடுத்து நீட்டினார். அதில் பெயர் இருந்தது. அடைப்பும் இருந்தது.

அங்கிருந்து நேரே போய் நின்றபோது, சரவணமுத்து இம்முறை கோபிக்கவில்லை. அதுதான் கோபிசங்கருக்கு இன்னும் பயமாக இருந்தது.

“பேருக்கு ஒரு சட்டம் போட்டா எடுப்பா இருக்குமெண்டு பாத்தன்,” என்றார் அமைதியாக. “முதல்ல வெட்டினது. பிறகு செத்தவீடு. இப்ப நான் பிறக்கவே இல்லை. தம்பி, உமக்கு என்னோட ஏதும் மனத்தாங்கலோ?”

“ஐயோ, இல்லை மாமா!” பதற்றத்தில் முதன்முறையாக மாமா என்றுவிட்டான்.

“இன்னும் நாள் வைக்கேல்லை,” என்றார் சரவணமுத்து.

கோபிசங்கர் அந்த ஞாயிற்றுக்கிழமை முழுவதையும் செலவழித்து, நிரலை முதலிலிருந்து எழுதினான். நியாயமாகப் பார்த்தால் ஆரம்பத்திலேயே செய்திருக்க வேண்டிய வேலை. எழுதியதை முதலில் துண்டு துண்டாகப் பிரிப்பது; தனக்குத் தெரிந்த துண்டுகளை மட்டும் பக்கத்தின் உறுப்பாக மாற்றுவது; தெரியாத எதையும் அழிக்காமல், வெட்டாமல், வெறும் எழுத்தாக இருந்தபடியே காட்டுவது. அலைக்கோடு அலைக்கோடாகவே தெரிந்தது. கோண அடைப்பு கோண அடைப்பாகவே நின்றது. நூறு விதமான பிழைகளை எழுதிப் பரீட்சித்தான். ஒன்றும் அசையவில்லை.

திங்கட்கிழமை காலை மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு சரவணமுத்துவிடம் போய், எல்லாவற்றையும் காட்டினான்.

“அப்ப இனி ஒண்டுமே செய்யேலாதோ?” என்றார் அவர். குரலில் ஏமாற்றம் இருந்தது போலத் தோன்றியது. களைப்பு என்று கோபிசங்கர் எடுத்துக்கொண்டான்.

“ஒண்டும் செய்யேலாது ஐயா. பொத்தான் மட்டும்தான் மிச்சம். சதுர அடைப்புக்குள்ள ஒரு பேரும், அதுக்குப் பக்கத்தில வட்ட அடைப்புக்குள்ள ஒரு முகவரியும் எழுதினா, பேர் பொத்தானாகும். அமத்தினா அந்த முகவரிக்குப் போகும். அதுவும் பாதுகாப்பானது. நாங்கள் அனுமதிச்ச முகவரி இல்லையெண்டா எங்கையும் போகாது.”

“எங்கையும் போகாட்டி?”

“இல்லை எண்டு ஒரு பக்கம் வரும்.”

“என்னெண்டு எழுதியிருக்கும்?”

கோபிசங்கர் அந்தப் பக்கத்தையும் திறந்து காட்டினான். சரவணமுத்து கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, அதை நிதானமாக இரண்டு முறை வாசித்தார்.

“நல்ல வேலை,” என்றார். அந்த மாதம் முழுவதும் அவர் வாயிலிருந்து வந்த முதல் பாராட்டு அது. நாகபூசணி தேத்தண்ணியோடு வடையும் கொண்டுவந்து வைத்தார். கோபிசங்கர் நிம்மதியாக நான்கு வடை தின்றான்.

வியாழக்கிழமை வருடாந்தப் பொதுக்கூட்ட அறிவித்தல் வந்தது. தலைமை என்ற இடத்தில் சதுர அடைப்புக்குள் பெயரும், வட்ட அடைப்புக்குள் தலைவர் என்ற சொல்லும். யாரும் எழுதக்கூடிய மாதிரித்தான். பெயர் அழகான நீலப் பொத்தானாகிவிட்டது. ஏழு நாட்டில் உள்ள இறுப்பிட்டியார் எல்லோரும், பொத்தான் என்றால் அமத்துவதற்குத்தானே என்று அமத்தினார்கள். தலைவர் என்று ஒரு முகவரி இல்லாததால், பாதுகாப்பு தன் கடமையைச் சரியாகச் செய்தது.

‘நீங்கள் தேடுவது இங்கே இல்லை. அகற்றப்பட்டிருக்கலாம்.’

கோபிசங்கர் நான்காவது முறையும் சரவணமுத்து வீட்டு வாசலில் போய் நின்று, தன் பிழைதான் என்றான்.

பொதுக்கூட்டம் சங்க மண்டபத்தில் நடந்தது. நாற்பது பேர் நேரில், சுவரில் விரித்த திரையில் வெளிநாட்டுக் கிளைகள். கோபிசங்கர் கடைசி வரிசையில், தலையைக் குனிந்தபடி இருந்தான். பக்கத்தில் நிலாந்தினி விரிவுரை கேட்பவள் போல நிமிர்ந்து இருந்தாள்.

சரவணமுத்து எழுந்தார்.

“பதினாலு வருசம் இந்தக் கதிரையில இருந்தனான்,” என்றார். “போன மாசம் என்ர பேர் வெட்டுப்பட்டிருந்ததைப் பாத்தியள். பிறகு எனக்குக் கண்ணீர் அஞ்சலி பாத்தியள். பிறகு பேரே இல்லை. இப்ப அமத்தினா, இவர் இஞ்ச இல்லை, அகற்றியாச்சு எண்டு வருது. மனுசர் சொல்லியிருந்தா நான் பொருட்படுத்தியிருக்க மாட்டன். ஒருத்தரும் சொல்லிக் குடுக்காமலே மிசின் நாலுதரம் சொல்லுது. இதுக்கு மேல நான் இருக்கிறது எனக்கும் நல்லதில்லை, சங்கத்துக்கும் நல்லதில்லை. விடைபெறுகிறேன்.”

திரையில் தம்பிராசா கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்தார். “அண்ணை, நீங்கள் இல்லாட்டி இந்தச் சங்கத்தை ஆர் பாக்கிறது? பவுசருக்குப் பின்னால ஆர் ஓடுறது? எங்களுக்கு ஆர் பதில் சொல்லுறது?”

வழக்கமாக இந்த இடத்தில் எல்லோரும் சேர்ந்து அவரை இருத்திவிடுவார்கள். இம்முறை ஒருவரும் வாய் திறக்கவில்லை. கண்ணீர் அஞ்சலி வந்த மனிதனைப் பதவியில் இருத்தி, நாளைக்கு ஏதும் நடந்துவிட்டால் அந்தப் பழியை யார் ஏற்பது?

“ஆள் இருக்கு,” என்றார் சரவணமுத்து. “ஒரு பிழை நடந்தா ஒளிக்காமல், அடுத்த நிமிசம் வாசலுக்கு வந்து, என்ர பிழைதான் எண்டு சொல்லுற ஆள். நாலுதரம் வந்தவர். இந்தக் காலத்தில அப்பிடிப் பொறுப்பு ஆருக்கு இருக்கு?”

நாற்பது தலையும் பின்வரிசையைப் பார்த்தன. திரையில் இருந்தவர்களுக்கு யாரைப் பார்க்கிறார்கள் என்று தெரியாவிட்டாலும், அவர்களும் கை தட்டினார்கள். சறோஜினிதேவி முன்மொழிவைக் கடதாசியில் இருந்தபடியே வாசித்தார். யாரோ வழிமொழிந்தார்கள். மறுக்க எழுந்த கோபிசங்கரின் கழுத்தில் மாலை விழுந்தது. சரவணமுத்துவுக்குச் செய்த இத்தனை அநியாயத்துக்குப் பிறகு, அவர் கேட்ட ஒன்றை மறுக்க அவனுக்கு மனமும் வரவில்லை.

மத்தியானம் சரவணமுத்து வீட்டில் சாப்பாடு. அவர் பஞ்சாங்கத்தை விரித்து, ஆவணி பதினெட்டு என்று ஒரே மூச்சில் நாள் வைத்துவிட்டார். பிறகு சறத்தை மடித்துக் கட்டிக்கொண்டு, நாளைக்கே சாட்டிக் கடற்கரைக்குக் குளிக்கப் போகவேண்டும் என்று சொல்லிக்கொண்டு கிணற்றடிப் பக்கம் போனார். கோபிசங்கரின் போன் மேசையில் இடைவிடாமல் அதிர்ந்தது. பாரிஸ், லண்டன், ரொறன்ரோ, மறுபடி பாரிஸ். தெருவிளக்கு எப்போது வரும், பவுசர் ஏன் பிந்தியது, எங்கள் கிளையின் பெயர் ஏன் மூன்றாவதாக இருக்கிறது.

நாகபூசணி அவன் இலையில் மீன்குழம்பை ஊற்றினார்.

“மாமி,” என்றான் கோபிசங்கர். “மாமா சிரிச்சுக்கொண்டு திரிஞ்சாலும் உள்ளுக்க நொந்துபோய்த்தான் இருப்பார். என்ர பிழையாலதானே அவருக்கு இந்த மனவருத்தம்.”

நாகபூசணி கிணற்றடிப் பக்கம் ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்திச் சொன்னார்:

“பதினாலு வருசமா உந்தப் பதவியைக் கழட்டிவிட வழி தெரியாமத் திரிஞ்ச மனுசன் தம்பி, முதல் விழுந்த கோடு மட்டுந்தான் தற்செயல், மிச்சம் மூண்டையும் நீர் வந்திருந்து விளக்கஞ் சொல்லிப்போட்டுப் போக, அண்டண்டைக்கே அவர் கடதாசி எடுத்து எழுதினவர்.”